நானூற்றுப் பன்னிரண்டாவது மெயில்

பேய், பிசாசு, ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் முதலில் எழுந்து போகிற ஆள் நான்தான். எங்கள் ஊர் புந்தோங்கில் இருபத்தைந்து வருடமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். ‘தானா ஆன் ஆகுதுண்ணே’ என்று சொல்லிக் கம்ப்யூட்டர் பெட்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டிக் கொண்டுவந்தவர்களையெல்லாம் பார்த்திருக்கிறேன், பெட்டியைத் திறந்தால் உள்ளே பல்லி குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டர் சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது, அவ்வளவுதான் அதன் யோக்கியதை என்று எத்தனையோ பேரிடம் சத்தம் போட்டிருக்கிறேன். இன்றைக்கும் அதையேதான் சொல்லுவேன், இந்த ஒரு விஷயத்தைத் தவிர. நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரியுங்கள், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள். இது நடுராத்திரிக் கதையும் இல்லை, சுடுகாட்டுக் கதையும் இல்லை. பட்டப்பகல் மூன்றரை மணிக்கு, வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, கையில் கோப்பிக் கோப்பையோடு நான் என் கண்ணால் பார்த்தது.

செலினாக்காவும் நானும் பத்து காஜா என்கிற ஊருக்கு உள்ளே இருந்த ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அவர் கணவர் மரியதாஸ் அண்ணன் அந்தத் தோட்டத்து ஆபீசில் பியூனாக இருந்தவர். பியூன் என்றால் சாதாரணமாக நினைக்காதீர்கள், சைக்கிளில் அவர் வருகிறார் என்றால் ஆபீசே வருகிற மாதிரி. கக்கத்தில் ஒரு நீளமான டெஸ்பேட்ச் புக் இருக்கும். யாருக்குக் கடிதம் கொடுத்தாலும் நம்பர் போட்டு எழுதி, அதில் கையெழுத்து வாங்காமல் நகரமாட்டார். எங்கள் அப்பாவுக்கு எழுதத் தெரியாது, கட்டை விரலைப் பிடித்து மையில் தோய்த்து உருட்டிவிட்டுத்தான் கடிதத்தைக் கையில் கொடுப்பார். ‘கையெழுத்து வாங்காம குடுத்தா அது குடுத்ததே இல்லடா’ என்று சின்னப் பையனான என்னிடம் அவ்வளவு கண்டிப்பாகச் சொன்னவர்.

பிறகு தோட்டத்தை விற்றார்கள், மரத்தை வெட்டினார்கள், ஆளுக்கொரு பக்கம் போனோம். அண்ணன் சரவாக் கடலில் எண்ணெய் மேடைகளுக்குச் சாமான் ஏற்றிப் போகிற கப்பலில் ஸ்டோர் வேலைக்குச் சேர்ந்தார். அக்கா பிள்ளையோடு புந்தோங்கில் வாடகை வீட்டில் இருந்தார், மருத்துவமனையில் அட்டெண்டன்ட் வேலை. கப்பலில் ஈமெயில் வசதி வந்ததும் அண்ணன் என்னைக் கூப்பிட்டு வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் போடச் சொன்னார். நான்தான் போட்டேன். டெலிபோன் வயரில் ‘கிய்யா முய்யா’ என்று கத்திக்கொண்டு லைன் கிடைக்கிற காலம் அது. மெயிலை இறக்கியவுடன் லைனை வெட்டிவிட்டு, நிதானமாக உட்கார்ந்து படிக்க வேண்டும்.

மரியதாஸ் அண்ணன் கடலுக்குப் போனாலும் பியூன் வேலையை விடவில்லை. ஒவ்வொரு மெயிலுக்கும் தலைப்பு ‘வீட்டுக்கு’, பக்கத்தில் ஒரு நம்பர். வீட்டுக்கு 1, வீட்டுக்கு 2, இப்படியே போகும். அது போதாது என்று, மெயிலைப் படித்தால் படித்தேன் என்று அனுப்பியவருக்கே தகவல் போகிற ஒரு வசதி அந்தப் புரோகிராமில் உண்டு, அதையும் கண்டுபிடித்து வைத்திருந்தார். அக்கா எந்த மெயிலைத் திறந்தாலும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி குதிக்கும். ‘நீங்கள் படித்ததை அனுப்பியவர் தெரிந்துகொள்ள விரும்புகிறார், தெரிவிக்கலாமா?’ என்று கேட்கும். ஆமாம் என்று அழுத்தினால், அடுத்த முறை லைன் கிடைக்கும்போது தகவல் அண்ணனுக்குப் போய்ச் சேரும். அவர் கப்பலில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அதைக் குறித்துக்கொள்வாராம். ஒன்று தவறினால் போதும், ‘207க்குக் கையெழுத்து வரவில்லை’ என்று எழுதுவார். அக்கா என்னிடம் வந்து தலையில் அடித்துக்கொள்வார்.

“பொண்டாட்டிகிட்டயுமா டெஸ்பேட்ச் புக்க நீட்டுவாரு, சொல்லு தம்பி.”

சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும். அந்த நாட்கள் எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கின்றன. மழைக்கால சாயங்காலங்களில் அக்கா வீட்டு மாடத்தில் மாதாவுக்கு விளக்கு எரியும், வறுத்த நெத்திலி வாசனை வரும், அந்தப் பழைய மானிட்டர் சூடாகி ஒருவிதமாக மணக்கும், பிள்ளை ஜெனிட்டா அப்பா மெயிலை எழுத்துக்கூட்டிப் படிப்பாள். இங்கிலீஷ் எழுத்தில் தட்டிய தமிழ்தான், ஆனால் அண்ணன் பக்கத்தில் இருந்து பேசுகிற மாதிரியே இருக்கும்.

நானூற்றுப் பதினொன்று வரைக்கும் அப்படித்தான் போனது.

ஜெனிட்டாவுக்குக் மாதா கோயிலில் புது நன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுக்கிற நாளுக்கு அண்ணன் லீவில் வருவதாகச் சத்தியம் பண்ணியிருந்தார். அவருக்குப் பதிலாக ஏற வேண்டிய ஆள் வரவில்லை, அண்ணனால் இறங்க முடியவில்லை. பிள்ளை வெள்ளைக் கவுனைப் போட்டுக்கொண்டு அழுதிருக்கிறாள். அக்கா போனில் கத்தியிருக்கிறார். கடைசியாகச் சொன்ன வார்த்தை, ‘இனிமே நீங்க வரவே வேணாம்.’ சொல்லி போனை வைத்துவிட்டார். ஐந்தாம் நாள் அண்ணனைப் பெட்டியில்தான் கொண்டுவந்தார்கள். மாரடைப்பு.

அடக்கம் முடிந்து ஒரு மாதத்துக்குப் பிறகு ஜெனிட்டா பள்ளிக்கூட வேலைக்காகக் கம்ப்யூட்டரைத் திறந்து லைனைப் போட்டாள். ஒரு மெயில் இறங்கியது. வீட்டுக்கு 412. போனில் சண்டை போட்டதற்கு மறுநாள் தேதி. அக்கா அதைத் திறக்கவில்லை. படிக்காத மெயில் கறுப்பாகத் தடித்த எழுத்தில் நிற்குமே, அப்படியே பதினாறு வருடம் நின்றது. என்னிடம் ஒருமுறைதான் சொன்னார்.

“கோவமா எதாச்சும் எழுதியிருந்தாருன்னா, அதுக்கப்புறம் நான் எப்படி தம்பி இருப்பேன்? தெறக்காம இருந்தா, நல்லதா எழுதியிருப்பாருன்னு நெனச்சிக்கலாம்லா.”

அதன் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவே இல்லை.

போன வருடத்துக்கு முந்திய வருடம் அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஜெனிட்டா கல்யாணமாகி தஞ்சோங் மாலிமில் இருக்கிறாள், அங்கே வந்துவிடு என்று கூப்பிட்டாள், அக்கா போகவில்லை. பழைய தோட்டத்து ஆட்களுக்கு ரப்பர் மரம் இருந்த இடத்துக்கு ஓரமாகக் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று அண்ணன் பெயரில் கிடைத்து, பூட்டியே கிடந்தது. அங்கே போனார். குன்றுக்குப் பின்னால் பள்ளத்தில் இருக்கிற வீடு, கைப்பேசிக்கு ஒரு கோடுகூட லைன் வராது, முச்சந்தி வரைக்கும் நடந்து வந்தால்தான் பேச முடியும். போவதற்கு முன்னால் பழைய கம்ப்யூட்டரை ஒரு துணியில் சுற்றி, ஜெனிட்டாவின் காரில் என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

“ரோசாக் ஆயிரும்போல, கெட்டே போயிரும்போல இருக்கு தம்பி, ஒரு மாதிரி சத்தம் போடுது. அவரோட மெயிலையெல்லாம் வேற ஒண்ணுக்கு மாத்திக் குடு. அந்த வீட்டுல லைன் இல்ல. லைன் இல்லாமலே படிக்கிற மாதிரி பண்ணிக் குடு.”

“பிரிண்ட் எடுத்துக் குடுத்திரவாக்கா? சுலபம்லா.”

“பிரிண்ட் எடுக்கணும்னா கடைசி மெயிலத் தெறக்கணுமே. அது தெறக்காமலே வரணும்.”

இது என்ன வேலை என்று உங்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். அந்தப் பழைய மெயில் புரோகிராம் இப்போதைய கம்ப்யூட்டர்களில் ஓடாது. ஆகவே அதே காலத்து மடிக்கணினி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அக்காவின் ஹார்ட் டிஸ்க் அரைகுறை உயிரோடு இருந்தது, மூன்று நாள் கெஞ்சிக் கெஞ்சி மெயில்களைப் பென்டிரைவில் இறக்கினேன். மடிக்கணினிக்குள் இருந்த வைஃபை கார்டைக் கழற்றி எடுத்துவிட்டேன், அவ்வளவு பழைய சாமான் தவறிப்போய் எங்காவது லைனில் ஏறினால் வைரஸ் தின்றுவிடும். புரோகிராம் ஒரு கணக்கு இல்லாமல் திறக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது, அனுப்புகிற சர்வர் பெயர் என்ன என்று கேட்டது. ஒரு சர்வரும் இல்லை என்று கடுப்பில் ‘தியாடா’ என்றே தட்டினேன். மலாயில் ‘இல்லை’ என்று அர்த்தம். வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டது.

ஒரே ஒரு தவறு நடந்தது. மாற்றியதில் எது படித்தது, எது படிக்காதது என்கிற அடையாளம் அழிந்துபோய், நானூற்றுப் பன்னிரண்டும் புதிதாக வந்த மெயில் மாதிரி தடித்த எழுத்தில் நின்றன. திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டே காட்டினேன். அக்கா திட்டவில்லை. முதல் மெயிலைத் தட்டினார். சின்னப் பெட்டி குதித்தது. படித்ததைத் தெரிவிக்கலாமா என்று கேட்டது.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்தப் பெட்டியை எடுத்துவிட எனக்கு ஒரு நிமிடம் போதும், எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம். கேக்கட்டும்.”

ஆமாம் என்று அழுத்தினால் அந்தத் தகவல் எங்கும் போகாது அக்கா, ‘அனுப்ப வேண்டியவை’ என்கிற பெட்டியிலேயே விழுந்து கிடக்கும் என்று விளக்கினேன். கிடந்தால் கிடக்கட்டும் என்றார்.

தினமும் ஒன்று. காலையில் பசியாறிய பிறகு உட்கார்ந்து ஒரே ஒரு மெயில் படிப்பார், ஆமாம் என்று அழுத்துவார், மூடி வைப்பார். ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே. நான் இடையில் நாலைந்து தடவை போயிருக்கிறேன், சார்ஜர் மாற்ற, சும்மா பார்க்க. ஒவ்வொரு தடவையும் ‘அனுப்ப வேண்டியவை’ எண்ணிக்கை ஏறியிருக்கும். 90, 163, 288. அக்காவும் மாறியிருந்தார். முகம் தெளிந்திருந்தது. “நேத்து சூறாவளியாம் தம்பி, மீனே கெடைக்கலையாம்” என்று சொல்லுவார், இருபது வருடத்துக்கு முந்திய சூறாவளியை. எனக்குச் சிரிப்பு வரும், கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும்.

பிறகு ஒருநாள் காலையில் முச்சந்தியில் இருந்து போன் செய்தார்.

“நேத்து 411 படிச்சிட்டேன். இன்னிக்கு நீ வாறியா? தனியா தெறக்க கை வரல்ல.”

“வாரேன்க்கா” என்றேன். மோட்டார் சைக்கிளில் பாதி வழியில் மழை பிடித்தது, நனைந்துகொண்டே போய்ச் சேர மூன்று மணி ஆகிவிட்டது. அக்கா தலை துவட்டத் துண்டு கொடுத்தார், கோப்பி கலக்கிக் கொடுத்தார். என்னவோ விருந்தாளி வருகிற மாதிரி நல்ல சேலை கட்டியிருந்தார். மேசைமேல் மடிக்கணினி திறந்திருந்தது. ‘அனுப்ப வேண்டியவை’ பக்கத்தில் 411. அதை நான் பார்த்தேன், தெளிவாகப் பார்த்தேன், இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா சிலுவை போட்டுக்கொண்டு 412ஐத் தட்டினார். வழக்கம்போலப் பெட்டி குதித்து நடுவில் நின்று பாதி எழுத்தை மறைத்தது. அக்கா அதற்குப் பதில் சொல்லாமல், மவுஸால் அதை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுப் படித்தார். முதலில் மனசுக்குள். பிறகு சத்தமாக, எனக்காக.

“செலின், நீ போனை வச்சியா, லைன் அறுந்துச்சா தெரியல. திரும்ப அடிச்சேன், கெடைக்கல. ரெலிப் ஆள் வரல, அதை உன்கிட்ட சொல்லி என்ன பண்றது. பிள்ளைக்கு வெள்ளக் கவுனோட ஒரு படம் எடுத்து வை, நான் பார்க்கணும். கோழிக்கூட்டுக் கதவுக் கம்பிய நீ கட்டாத, போன தடவ கையக் கிழிச்சிக்கிட்ட, நான் வந்து கட்டுறேன். கோவம் இருந்தா பதில் எழுத வேணாம். படிச்சேன்னு கையெழுத்து மட்டும் போடு. அது வந்துட்டா போதும், நான் நிம்மதியா படுத்துருவேன்.”

அவ்வளவுதான் மெயில். அக்கா அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அடக்கத்துக்கு வந்த கப்பல்காரர் ஒருவர் சொன்னதைச் சொன்னார். “அண்ணே கடைசி ரெண்டு மூணு நாளு தூங்கவே இல்லக்கா, கம்ப்யூட்டர் ரூமுக்கும் படுக்கைக்கும் நடந்துக்கிட்டே இருந்தாரு” என்றாராம். அன்றைக்கு அது யாருக்கும் விளங்கவில்லை.

“கையெழுத்துக்குத்தான் நடந்திருக்காரு தம்பி.”

சொல்லிவிட்டு ஆமாம் என்று அழுத்தினார். பெட்டி மறைந்தது.

எனக்கு என்ன செய்வதென்று தெரியாதபோது மெஷினைப் பார்க்கிற பழக்கம். பார்த்தேன். ‘அனுப்ப வேண்டியவை’ 411. ஏறவில்லை. சரியாக அழுத்தவில்லை போலிருக்கிறது என்று, ‘அனுப்பியவை’ பெட்டியைத் திறந்தேன். அது அக்கா அந்தக் காலத்தில் எழுதிய மெயில்கள் இருக்கிற பெட்டி, எல்லாம் பதினாறு வருடத்துக்கு முந்தியது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று புதிதாக இருந்தது. ‘படித்தாயிற்று: வீட்டுக்கு 412.’ அன்றைய தேதி. மணி 3.34.

போயிருக்கிறது. அந்த ஒன்று மட்டும்.

நீங்கள் கேட்கப்போவதை எல்லாம் நானே என்னைக் கேட்டுவிட்டேன். வைஃபை கார்டு என் வீட்டு டிராயரில் கிடந்தது. வயர் எதுவும் செருகவில்லை. என் சட்டைப் பையில் இருந்த கைப்பேசியிலேயே லைன் இல்லை. சர்வர் பெயர் தியாடா. கை தவறி இழுத்துப் போட்டேனோ என்றால், மவுஸ் அக்கா கையில் இருந்தது, நான் துண்டையும் கோப்பிக் கோப்பையையும் பிடித்துக்கொண்டிருந்தேன். புரோகிராம் குழம்பிவிட்டது என்பீர்கள். சரி, 411 தடவை குழம்பாதது எப்படிக் குழம்பியது? அங்கேயே ‘அனுப்பு’ என்று அழுத்திப் பார்த்தேன். ‘தியாடா என்ற சர்வர் கிடைக்கவில்லை’ என்று முரண்டு பிடித்தது, 411ம் அசையவில்லை. பழைய மெயில் ஒன்றைப் படிக்காததாக மாற்றித் திறந்து ஆமாம் கொடுத்தேன். ‘அனுப்ப வேண்டியவை’ எண்ணிக்கை 412 ஆனது, எங்கும் போகவில்லை. பத்துத் தடவை செய்திருப்பேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“விடு தம்பி. அவருக்குக் கெடச்சிருச்சு.”

நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து ஈரச் சட்டையைக்கூட மாற்றாமல், என் கம்ப்யூட்டரில் இருந்து அண்ணனின் பழைய முகவரிக்கு ஒரு மெயில் அனுப்பினேன். அது கப்பல் கம்பெனி கொடுத்த முகவரி, கம்பெனியே மூடி எத்தனையோ வருடம் ஆகிறது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ‘இப்படி ஒரு முகவரி இல்லை’ என்று திரும்பி வந்து விழுந்தது. எனக்கு மனசு நிதானமானது. அவ்வளவுதான், உலகம் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் போனபோது அதை அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். பொய்யான நம்பிக்கை வேண்டாமே என்று. அக்கா கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டே கேட்டார்.

“ஆள் இல்லன்னா திரும்பி வந்துருமா?”

“உடனே வந்துரும்க்கா.”

“என்னோடது வரலையே தம்பி. தெனமும் தெறந்து பாக்குறேன்.”

“இந்த வீட்டுல லைனே இல்லையேக்கா, அது எப்படித் திரும்பி வரும்? வர்றதுக்கு வழி வேணும்லா.”

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கேலி இல்லை, கோபம் இல்லை, சின்னப் பிள்ளைக்குப் புரிய வைக்கிற மாதிரி நிதானமாகக் கேட்டார்.

“வர்றதுக்கு வழி இல்லன்னா, போனது எந்த வழி?”

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.